முதலில் காலைப் பாருங்கள்

"கை போயிடுச்சுப்பா."

எங்கள் மைதானத்தில் ஒரு சாயங்காலத்துக்குள் இந்த வார்த்தையைப் பத்து தடவையாவது கேட்கலாம். குண்டு ஒரு முழம் தள்ளி விழுந்தால் கை போய்விட்டது. அடுத்த குண்டு இந்தப் பக்கம் ஒரு முழம் தள்ளி விழுந்தால் கண் போய்விட்டது. மூன்றாவதும் தவறினால் வயசாகிவிட்டது. கை, கண், வயசு மூன்றும் தீர்ந்த பிறகு குண்டு சரியில்லை, மண் சரியில்லை, விளக்கு சரியில்லை, எதிரணிக்காரர் பேசிப் பேசியே கவனத்தைக் கெடுத்துவிட்டார். நாற்பது வருஷமாக இந்தக் காரணங்களைக் கேட்டுவருகிறேன். ஒரே ஒரு தடவைகூட யாரும் குனிந்து தன் காலைப் பார்த்துவிட்டு, "நிற்கிறது சரியில்லை" என்று சொல்லிக் கேட்டதில்லை.

நான் சொல்வது பெதாங்க் ஆட்டத்தைப் பற்றி. புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து படிக்கும் நண்பர்களுக்காக இரண்டு வரி. தரையில் ஒரு சின்ன வட்டம். அதற்குள் நின்றுகொண்டு, ஆறிலிருந்து பத்து மீட்டர் தூரத்தில் கிடக்கும் ஒரு சின்ன மரக்குண்டுக்குப் பக்கத்தில் நம் இரும்புக் குண்டைப் போய் நிற்க வைக்க வேண்டும். எதிராளியின் குண்டு நம்முடையதை விட நெருக்கமாக இருந்தால் அதை அடித்துத் தூக்கலாம். முதலில் 13 எடுத்தவர் ஜெயித்தார். அவ்வளவுதான். மரக்குண்டுக்குப் பிரெஞ்சில் கொஷோனே என்று பெயர், பன்றிக்குட்டி என்று அர்த்தம். இரும்புக் குண்டுக்குப் பிரெஞ்சில் ஒரு பெயர் உண்டு. அதை அப்படியே தமிழில் எழுதினால் குடும்பத்தோடு படிக்கிறவர்கள் என்மேல் கோபப்படுவார்கள். பள்ளிக்கூடத்தில் அந்தச் சொல் பாடத்தில் வரும்போதெல்லாம் வகுப்பு முழுக்க மேஜைக்குக் கீழே தலையைக் குனிந்துகொள்ளும். ஆகவே குண்டு என்றே எழுதுகிறேன்.

இந்த ஆட்டத்தின் பெயரிலேயே என் கட்சி இருக்கிறது. தெற்குப் பிரான்சில் பிரோவான்ஸ் பகுதி மொழியில் 'பே' என்றால் பாதம், 'தான்கா' என்றால் நட்டுவைத்தது. நட்ட பாதம். அதுதான் பெதாங்க். கை என்றோ கண் என்றோ குறி என்றோ யாரும் பெயர் வைக்கவில்லை. பாதத்தை நடு என்று பெயரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். நாம் தினமும் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே காலை எங்கேயோ வைத்துக்கொண்டு ஆடுகிறோம்.

அந்தப் பெயர் வந்த கதை நம் வயசுக்காரர்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது. அந்தப் பக்கத்தில் முன்பு ஆடியது வேறு ஆட்டம். தூரம் அதிகம், 15 மீட்டருக்கு மேல். குண்டை அடிக்க வேண்டுமானால் மூன்று எட்டு ஓடி வந்து அடிக்க வேண்டும். பக்கத்தில் வைக்க வேண்டுமானாலும் ஓர் எட்டு எடுத்து வைத்து, ஒற்றைக் காலில் நின்று போட வேண்டும். லா சியோத்தா என்ற கடலோர ஊரில் ழூல் லெனுவார் என்று ஒருவர். நல்ல ஆட்டக்காரர். மூட்டுவாதம் வந்து ஓட முடியாமல் போய்விட்டது. உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். பிதியோ சகோதரர்கள் என்று அவருடைய நண்பர்கள், இவருக்காக ஆட்டத்தையே மாற்றினார்கள். தூரத்தைக் குறைத்தார்கள், ஓட்டத்தை எடுத்தார்கள், ஒரு வட்டம் போட்டு இரண்டு காலையும் அதற்குள் ஊன்றி நின்று போடு என்றார்கள். 1910-ஐ ஒட்டிய காலம் அது. இன்று உலகம் முழுக்க ஆடுகிற ஆட்டம் ஒரு மூட்டுவலிக்காரருக்காக உண்டானது.

இதை நான் சும்மா சொல்லவில்லை. முட்டி வலிக்கிறது, இடுப்பு பிடிக்கிறது, அதனால் இனிமேல் என்னால் முடியாது என்று ஒதுங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன். வலிக்கிறவனுக்காகவே செய்த ஆட்டத்தில் வலிக்கிறது என்று ராஜினாமா கொடுக்கிறீர்களே, இது என்ன நியாயம்?

எங்கள் ஊருக்கு இதைக் கொண்டுவந்தவர்களில் சொல்தாக்கள் முக்கியமானவர்கள். பிரெஞ்சுப் படையில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு திரும்பியவர்கள். துலோன், மார்செய் பக்கத்துப் படைமுகாம்களில் ஆடக் கற்றுக்கொண்டு வந்தவர்கள். நான் பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது அவர்கள் ஆட்டத்தை மரத்தடியில் நின்று பார்ப்பேன். அதில் ஒரு பெரியவர், இந்தோசீனாவில் இருந்தவர், எங்களைப் போன்ற பொடியன்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். முதல் மூன்று நாள் கையில் குண்டே கொடுக்க மாட்டார். காலால் மண்ணில் வட்டம் கிழிப்பார். "உள்ளே வா. நில். வெளியே போ. மறுபடி வா. நில்." இதுதான் பாடம். ஒவ்வொரு தடவையும் நம் பாதம் பதிந்த இடத்தைக் குச்சியால் காட்டுவார். "நேத்து இங்க வச்ச, இன்னிக்கு அங்க வச்சிருக்க. நீ ஒரே ஆளா, ரெண்டு ஆளா?" என்பார். எங்களுக்கு எரிச்சலாக வரும். அவருக்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்க ஊரில் ஆளில்லை.

பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். எங்கள் பிரெஞ்சு வாத்தியார் கையெழுத்து வகுப்பில் முதலில் நோட்டைப் பார்க்க மாட்டார். பெஞ்சைப் பார்ப்பார். "தெனே வூ துருவா" என்பார், நேராக உட்காருங்கள் என்று. முதுகு நேராக, இரண்டு பாதமும் தரையில், நோட்டு எந்தச் சாய்வில் இருக்க வேண்டுமோ அந்தச் சாய்வில். அதற்குப் பிறகுதான் பேனா. இன்றைக்கும் அந்தப் பள்ளிக்கூடத்துப் பையன்களின் கையெழுத்தைத் தனியாக எடுத்துக் காட்டிவிடலாம்.

பிறகு ஆபீசில் முப்பது வருஷத்துக்கு மேல் தட்டச்சு. அசலுக்குப் பின்னால் கார்பன் வைத்து நாலு நகல். காகிதத்தை உருளையில் செருகும்போது ஒரு நூல் கோணல் இருந்தால், முதல் வரியில் தெரியாது. இருபதாவது வரிக்கு வரும்போது ஓரம் கீழே இறங்கிப் போயிருக்கும், நாலு நகலிலும். அப்போது ரிப்பனைத் திட்டி என்ன பயன்? செருகிய உடனே ஒரு தடவை இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பார்த்துவிட்டுத் தட்ட ஆரம்பித்திருந்தால் அந்தப் பிரச்சினையே இல்லை. எத்தனையோ பேர் மெஷின் சரியில்லை என்று குறிப்பு எழுதி மேலே அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, ஒரு நூல் கோணல் எவ்வளவு பெரிய விஷயம் என்று கேட்பவர்களுக்குக் கணக்காகவே சொல்கிறேன். கொஷோனே 8 மீட்டரில் கிடக்கிறது. உங்கள் தோள் நிற்க வேண்டிய திசையிலிருந்து 1 டிகிரி விலகியிருக்கிறது. 1 டிகிரி என்பது கண்ணுக்குத் தெரியவே தெரியாது. கடிகாரத்தில் நிமிஷ முள் ஒரு நிமிஷத்துக்கு நகர்வது 6 டிகிரி; அதில் ஆறில் ஒரு பங்கு. அந்த 1 டிகிரி 8 மீட்டர் போய்ச் சேரும்போது 14 சென்டிமீட்டர் ஆகியிருக்கும். ஒரு குண்டின் குறுக்களவு ஏழரை சென்டிமீட்டர் அளவுதான். ஏறக்குறைய இரண்டு குண்டு அகலம் தள்ளிப் போய்விட்டது. அடிக்கிறவர் கதை இன்னும் மோசம். 8 மீட்டரில் கிடக்கும் குண்டின்மேல் உங்கள் குண்டு உரசவாவது வேண்டுமென்றால், இந்தப் பக்கம் அரை டிகிரி, அந்தப் பக்கம் அரை டிகிரி, அதற்குமேல் தப்ப இடமில்லை. இவ்வளவு நுணுக்கமான வேலையை, பஸ்ஸுக்கு நிற்பதுபோல் நின்றுகொண்டு, ஒரு கையில் மொபைலோடு செய்துவிட்டுக் கை போய்விட்டது என்றால் நான் எப்படி ஒத்துக்கொள்வது?

கை ஊஞ்சல் மாதிரி. ஊஞ்சலை எந்தத் திசையில் மாட்டியிருக்கிறதோ அந்தத் திசையில்தான் ஆடும். அதை மாட்டியிருக்கிற உத்தரம் நம் தோள். தோளை இடுப்பு திருப்புகிறது, இடுப்பைப் பாதம் திருப்புகிறது. பாதம் கோணலாக விழுந்த நிமிஷத்திலேயே குண்டு எங்கே போகும் என்பது பாதி முடிவாகிவிட்டது. அப்புறம் மூளை என்ன செய்கிறது? தப்பாகப் போகப்போகிறது என்று அதற்குத் தெரியும். கடைசி நொடியில் மணிக்கட்டை ஒரு திருப்புத் திருப்பிச் சரிக்கட்டப் பார்க்கும். ஒரு தடவை சரியாக வரும், "ஆகா" என்பார்கள். அடுத்த தடவை திருப்பு கூடிவிடும், அதற்கடுத்த தடவை குறைந்துவிடும். இதைத்தான் "நேற்று நன்றாக ஆடினேன், இன்று வரவில்லை" என்கிறோம்.

இப்போது வட்டத்துக்குள் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கோபப்பட்டுவிட்டுச் சும்மா போகிறவன் என்ற பெயர் எனக்கு வேண்டாம்.

வளையம் போட்டதும் அதற்குள் நேராகப் போய் நிற்காதீர்கள். வளையத்துக்குப் பின்னால், இரண்டு எட்டு தள்ளி நில்லுங்கள். அங்கிருந்து கொஷோனேயைப் பாருங்கள். பார்த்துவிட்டு, குண்டு முதலில் தரையைத் தொட வேண்டிய இடம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பிரெஞ்சில் இதைத் தொன்னே என்பார்கள். உருட்டிவிடுவதானால் அது வட்டத்துக்குக் கிட்டே இருக்கும். தூக்கிப் போடுவதானால் பாதி வழியில், உயரத் தூக்குவதானால் கொஷோனேக்குச் சற்று முன்னால். ஒரு கூழாங்கல்லோ, ஒரு சருகோ, மண்ணின் நிறம் மாறுகிற இடமோ, ஏதாவது ஒன்று கண்ணுக்கு அகப்படும். அதன்பிறகு உங்கள் குறி அதுதான். பத்தில் ஒன்பது பேர் கொஷோனேயைப் பார்த்துக்கொண்டே போடுகிறார்கள். எட்டு மீட்டரில் இருப்பதைப் பார்த்துக்கொண்டு நாலு மீட்டரில் விழ வைக்க வேண்டியதை எப்படி விழ வைப்பது?

பிறகு வட்டத்துக்குள் போங்கள். போவதற்கு முன் உள்ளே இருக்கும் சரளை, குச்சி, பழம் விழுந்த வழுக்கல் எல்லாவற்றையும் காலால் ஒதுக்குங்கள். வட்டத்துக்குள் சுத்தம் செய்து கொள்ள விதி அனுமதிக்கிறது. அந்தச் சுற்று முடிந்ததும் பழையபடி ஆக்கிவைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். யாரும் செய்வதில்லை. ஒரு கல்லின்மேல் பாதி பாதத்தை வைத்துக்கொண்டு ஆடிக்கொண்டே நிற்பார்கள்.

வளையத்தின் உள்ளளவு 50 சென்டிமீட்டர். இரண்டு பாதமும் முழுக்க உள்ளே இருக்க வேண்டும், விளிம்பைத் தொடக்கூடாது. குண்டு தரையைத் தொடும்வரை எந்தக் காலும் முழுக்கத் தூக்கப்படக் கூடாது. குதிகால் லேசாக எழும்பினால் தப்பில்லை, பாதமே எழும்பினால் தப்பு. வலது கைக்காரர் வலது காலை நாலு விரற்கடை முன்னால் வைக்கலாம். இரண்டையும் சமமாக வைத்தும் ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்கு எது சுகமோ அது. ஆனால் ஒன்றைத் தீர்மானித்தால் அதையே வையுங்கள், தினமும், ஒவ்வொரு குண்டுக்கும். கால்விரல்கள் தொன்னேயைப் பார்க்கட்டும். கால்களுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி போதும். முட்டியை இறுக்கிப் பூட்டாதீர்கள். எடை இரண்டு காலிலும் இருக்கட்டும். குண்டில்லாமல் கையை ஒரு தடவை முன்னும் பின்னும் வீசிப் பாருங்கள். தொடையில் உரசினால் இடுப்பு திரும்பியிருக்கிறது என்று அர்த்தம், காலைத் திருத்துங்கள். பிறகு போடுங்கள்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று ஒருவர் கேட்டார். விதிப்படி ஒரு குண்டு போட 1 நிமிஷம் இருக்கிறது. நான் சொன்னதற்குப் பதினைந்து நொடி போதும். மீதி நேரத்தில் நீங்கள் வழக்கமாகச் சண்டை போடலாம்.

செருப்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் மனசு ஆறாது. ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு வராதீர்கள். பாதம் செருப்புக்குள் ஒரு பக்கம் வழுக்கும், செருப்பு மண்ணில் இன்னொரு பக்கம் வழுக்கும். போட்டிகளில் விரலும் குதிகாலும் மூடிய காலணிதான் போட வேண்டும் என்று விதியே இருக்கிறது. எழுநூறு கிராம் இரும்பு கால்விரலில் விழுந்தால் என்ன ஆகும் என்பதையும், நம்மில் சர்க்கரை இல்லாதவர் எத்தனை பேர் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

இன்னொன்று கண்ணாடி. மேலே தூரம், கீழே படிப்பு என்று இரட்டைக் கண்ணாடி போடுகிறவர்கள் குனியாமல் கண்ணை மட்டும் தாழ்த்தித் தரையைப் பார்த்தால், படிக்கிற கண்ணாடி வழியாகத்தான் தெரியும். மண் மங்கலாக இருக்கும், காலை எங்கே வைக்கிறோம் என்றே தெரியாது. தலையை நன்றாகக் குனிந்து பாருங்கள், அல்லது தூரத்துக்கு மட்டும் தனியாக ஒரு கண்ணாடி செய்து ஆட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி என்னை எதிர்க்கிறவர்கள் விஷயம். மூன்று கட்சி இருக்கிறது.

முதல் கட்சி, குண்டு வாங்குகிற கட்சி. பிள்ளை பாரிசிலிருந்து அனுப்பினான், மருமகன் லியோனிலிருந்து கொண்டுவந்தான் என்று இரண்டு வருஷத்துக்கு ஒரு புது செட். பெட்டியைத் திறந்து காட்டுவதற்கே அரை மணி நேரம். குண்டு 650-லிருந்து 800 கிராம் வரை எந்த எடையிலும் இருக்கலாம், குறுக்களவு 7.05-லிருந்து 8 சென்டிமீட்டர். நம் கைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பது உண்மைதான். ஒரு தடவை கையளவு பார்த்து வாங்கிவிட்டால் அந்த விஷயம் முடிந்தது. மடகாஸ்கர்காரர்கள் 1999-லும் 2016-லும் பிரான்சை விட்டுவிட்டு உலகச் சாம்பியன் பட்டத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். பணக்கார நாடா அது? அந்த ஊரில் தெருவுக்குத் தெரு மண்ணில் வட்டம் கிழித்து ஆடுகிறார்கள். இவர்கள் புதுப் பெட்டியைத் திறந்த மறுநாளும் பழைய கோணலில்தான் நிற்கிறார்கள்.

இரண்டாவது கட்சி, கைவாகு கட்சி. "அதெல்லாம் பிறவியில வரணும், சொல்லிக்குடுத்து வராது." இந்தப் பேச்சு கேட்க அழகாக இருக்கும். இதனால் வரும் கெடுதல் எனக்கு நன்றாகத் தெரியும். கைவாகு என்று நம்புகிறவன், அது வராத நாளில் அது போய்விட்டது என்றும் நம்புவான். வந்தது கடவுள் கொடுத்தது என்றால், போனதும் அவர் எடுத்துக்கொண்டதுதானே? அப்படி நம்பியவன் காலைத் திருத்த மாட்டான். வீட்டுக்குப் போய்விடுவான். சொல்லிக்கொடுத்து வராது என்கிறவர்களைக் கேட்கிறேன்: இந்த மைதானத்தில் யாராவது யாருக்காவது சொல்லிக்கொடுத்துப் பார்த்திருக்கிறோமா?

மூன்றாவது கட்சிதான் அதிகம். "பொழுதுபோக்குக்கு வர்றோம், இதுல என்ன பரீட்சையா? வயசான காலத்துல நிக்கிறதுக்கும் ரூலா?" இவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை, ஆனால் இவர்கள் சொல்வது உண்மையில்லை. பொழுதுபோக்குதான் என்றால் 12-க்கு 12 வந்தவுடன் ஏன் குரல் உயர்கிறது? யார் குண்டு நெருக்கம் என்று அளக்கும்போது ஏன் நாலு பேர் குனிந்து நான்கு விதமாகச் சொல்கிறீர்கள்? ஆட்டம் முடிந்து போகும்போது தோற்றவர் ஏன் டீ குடிக்காமல் போகிறார்? எல்லாருக்கும் ஜெயிக்க ஆசை இருக்கிறது. அந்த ஆசைக்காக ஒரு பதினைந்து நொடி உழைக்கத்தான் வெட்கம்.

இதை இவ்வளவு சூடாக எழுத ஒரு காரணம் இருக்கிறது. என் நண்பர் ஒருவர், 74 வயசு. ஒரு காலத்தில் எங்கள் கூட்டத்தில் அடிக்கிறதில் அவரை மிஞ்ச ஆளில்லை. எதிராளியின் குண்டைத் தூக்கி எறிந்துவிட்டு அதே இடத்தில் தன் குண்டை நிற்க வைப்பார். அதைக் காரோ என்பார்கள், ஆட்டத்தில் அதைவிட அழகு கிடையாது. போன வருஷம் அவருக்கு அடி தவற ஆரம்பித்தது. குண்டு ஒன்று வலப்பக்கம் போகும், அடுத்தது இடப்பக்கம் போகும். லேசான குண்டு வாங்கச் சொன்னார்கள், வாங்கினார். கண்புரை பார்க்கச் சொன்னார்கள், ஆபரேஷனே செய்துகொண்டார். ஆட்டம் திரும்பவில்லை. ஜூலை 14-ஐ ஒட்டி நாங்கள் ஆடுகிற போட்டிக்கு அணி பிரிக்கும்போது ஒருவர், "அவரை ஸ்கோர் எழுத வைக்கலாம்" என்றார். தமாஷாகத்தான் சொன்னார். நண்பர் சிரித்தார். மறுநாளிலிருந்து வரவில்லை.

நான் அவர் வீட்டுக்குப் போனேன். டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தார். "அண்ணே, கை போயிடுச்சு" என்றார் என்னிடம். மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனேன். சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டு, குண்டில்லாமல் நிற்கச் சொன்னேன். வலது பாதம் வெளிப்பக்கம் பார்த்துத் திரும்பியிருந்தது, எடை முழுக்க இடது காலில். வலது முழங்கால் ஒரு வருஷமாக வலிக்கிறது, அதைக் காப்பாற்ற உடம்பு தானாகவே அப்படி நின்றிருக்கிறது, அவருக்கே தெரியாது. பாதம் திரும்பியதால் இடுப்பு வலப்பக்கம் திரும்பி, கையும் அந்தப் பக்கம் போக, அதைச் சரிக்கட்ட அவர் மணிக்கட்டை உள்ளே இழுத்திருக்கிறார். கண்ணுக்கும் கைக்கும் இதில் சம்பந்தமே கிடையாது. ஒரு வருஷமாக அவரைச் சுற்றி நின்ற இருபது பேரில் ஒருவராவது அவர் காலைப் பார்த்திருந்தால், அவர் இன்று சாயங்காலம் மைதானத்தில் இருந்திருப்பார்.

நிஜமாகவே கை நடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள், அது வியாதி, அதற்கு டாக்டரைப் பார்க்க வேண்டும். அவர்களை நான் சொல்லவில்லை. ஆனால் நம் கூட்டத்தில் கை போய்விட்டது என்று சொல்லி நின்றுபோனவர்களை எண்ணிப் பார்த்தேன். என் கணக்கில் ஏழு பேர். அதில் எத்தனை பேருக்குக் கை போனது, எத்தனை பேருக்குக் கால் மாறியது? யாருக்கும் தெரியாது, ஏனென்றால் யாரும் பார்க்கவில்லை. நம் வயசில் சாயங்காலம் வெளியே போவதற்கு ஓர் இடம் இருப்பது சின்ன விஷயமா? பிள்ளைகள் பிரான்சிலோ பெங்களூரிலோ இருக்கிறார்கள். மனைவி போனவர்கள் பாதிப் பேர். அந்த இரண்டு மணி நேரத்தையும் விட்டுக்கொடுத்தால் மீதி என்ன இருக்கிறது என்று அவரவர் வீட்டுக்குள் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் போகிற சங்கத்தில் இந்த வருஷம் வசூல் நன்றாக வந்தது. பேர் போட்ட பனியன் அடித்தார்கள். இன்னும் இரண்டு விளக்குக் கம்பம் வைத்தார்கள். கூட்டத்தில் எழுந்து, வாரத்தில் ஒரு நாள் அரை மணி நேரம் நிற்கக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள், காசே வேண்டாம் என்றேன். "பெரியவங்களுக்கு யாருங்க நிக்கச் சொல்லித் தர்றது?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள்.

அதே கோரிக்கையை இங்கே எழுத்தில் வைக்கிறேன். ஒன்று, போட்டி தொடங்குவதற்கு முன் பத்து நிமிஷம், ஒருவர் வட்டத்தில் நிற்க இன்னொருவர் பின்னாலிருந்து அவர் பாதத்தையும் தோளையும் பார்த்துச் சொல்ல வேண்டும். வட்டத்திலிருந்து கொஷோனேவரை ஒரு நூல் பிடித்தால் கோணல் தானாகத் தெரியும். இரண்டு, நிற்கவே முடியாதவர்களையும் ஆட்டத்தில் சேர்க்க வேண்டும். சக்கர நாற்காலியில் இருப்பவர், போடுகிற கைப்பக்கத்துச் சக்கரம் வட்டத்துக்குள் இருந்தால் ஆடலாம் என்று விதியிலேயே இருக்கிறது. நம் மைதானத்து வாசலில்தான் இரண்டு படிக்கட்டு இருக்கிறது. விளக்குக் கம்பத்துக்கு ஆன செலவில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது, அதை ஒரு சரிவாக மாற்ற.

மைதானத்துக்கு வர வெட்கப்படுகிறவர்கள் வீட்டிலேயே ஆரம்பிக்கலாம். மொட்டை மாடித் தட்டோட்டில் கோடு இருக்கும். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு பாதம், அந்தப் பக்கம் ஒரு பாதம் வைத்து நின்று, கோட்டின் திசையிலேயே வெறுங்கையை இருபது தடவை வீசுங்கள். ஒரு வாரம் செய்துவிட்டு வாருங்கள். என் நண்பரிடமும் இதைத்தான் சொல்லிவிட்டு வந்தேன். செய்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். வியாழக்கிழமை மறுபடி போய்ப் பார்க்கப் போகிறேன், சுண்ணாம்புக் கட்டி சட்டைப்பையிலேயே இருக்கிறது.